பக்கச் சுவரின் நீலம்

மூன்று வாரம் முன்னால் ஒரு சுவரைப் படமெடுக்கப் போய், பெண் பார்த்துவிட்டு வந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை... சொல்கிறேன்.

குற்றாலத்தில் சீசன். வருகிறவர்கள் எல்லோரும் அருவியைப் படமெடுக்கிறார்கள். என் போனில் ஒரு அருவிகூட இல்லை. துருப்பிடித்த கேட், பாசி ஏறிய படி, மழையில் ஊறி உப்பிப்போன கதவு — இவைதான். தென்காசியில் இருக்கும் என் அக்கா ஒருநாள் வரிசையாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, உன் போன்ல மனுஷங்களே கிடையாதா?"

என்ன செய்ய? அருவியைப் பார்க்க ஊரே திரண்டு வருகிறது. உதிர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்க ஒரு ஆளாவது வேண்டாமா?

அன்றைக்குச் சாரல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியாத மத்தியானம். ஐந்தருவி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் பக்கச் சுவர் என்னை நிறுத்தியது. மேலே ரோஸ் பெயின்ட். அது உரிந்த இடத்தில் மஞ்சள். மஞ்சளும் உதிர்ந்த இடத்தில், ஈரத்தில் மினுங்கிக்கொண்டு ஒரு நீலம். ஏதோ ஒரு பழைய ஆணியிலிருந்து துரு வழிந்து பாசிக்குள் இறங்கியிருந்தது.

குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டப் போனேன். போகப் போக அது சுவராகவே இல்லை. மேகம், கடல், தூரத்தில் ஏதோ ஒரு கரை... எவ்வளவு நேரம் அங்கே இருந்தேனோ, சேலை முழங்கால்வரை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

"என்ன பண்ணுதிய?"

ஜன்னலில் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும்.

"சும்மா... சுவரைப் பார்த்தேன்" என்றேன். அவர் முகம் சட்டென்று வெளுத்தது.

"சாரல்ல இப்படி ஆயிட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள பெயின்ட் அடிச்சிருவோம். ஏன் வெளிய நிக்கிய? உள்ள வாங்க."

குற்றாலத்துக்காரர்களின் உபசாரம் என்று நினைத்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக ஒரு பெண், காபித் தட்டுடன் வந்து நின்றாள். "கோமதி. எம்.காம். முடிச்சிருக்கா" என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டு அத்தையோ சித்தியோ தெருவில் சும்மா போவதுபோல வந்து, வீட்டை நோட்டம் விட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? நடுத்தர வயது, காட்டன் சேலை, குடை, கையில் போன்... நான் வேறு யாராகத் தெரிவேன்?

உண்மையைச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கோமதிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"அப்போ அந்தப் படத்தை என்ன செய்வீய?"

"ஸ்டேட்டஸ்ல வைப்பேன்..."

"வச்சிராதீய. ரெண்டு இடம் தட்டிப்போய் இப்பதான் ஒண்ணு கூடி வருது. வீடு இப்படிக் கிடக்குன்னு அவங்க கண்ணுல பட்டா?"

எனக்குக் கடலும் மேகமுமாகத் தெரிந்தது அவருக்கு ஒரு கல்யாணம் நின்றுபோகிற அளவுக்கான பயம். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எத்தனை வீட்டுச் சுவர்களை இப்படிக் கேட்காமல் எடுத்திருக்கிறேன்! அழிக்கப் போனேன்.

"இருங்க ஆன்ட்டி" என்று கோமதி போனை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் அந்த நீலத்தைப் பெரிதாக்கினாள்.

"மூணாப்பு படிக்கப்போ நான் அடம்பிடிச்சுக் கேட்ட கலரு. அப்பாவே நின்னு அடிச்சாங்க. உள்ளுக்குள்ள இன்னும் இருக்கா இது?"

அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

படத்தைக் கோமதிக்கு அனுப்பினேன். பிறகு அம்மா பக்கத்தில் நின்று பார்க்க, என் போனிலிருந்து அழித்தேன். குப்பைப் பெட்டியிலிருந்தும், அவளுக்கு அனுப்பிய மெசேஜில் என் பக்கத்திலிருந்தும்.

நேற்று கோமதியிடமிருந்து மெசேஜ். நிச்சயமாகிவிட்டதாம், மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலையாம். சுவர் முழுக்கச் சந்தன கலராம். 'ஓசூருக்குப் போறப்போ நீலத்தையும் கொண்டுபோறேன் ஆன்ட்டி' என்று எழுதியிருந்தாள்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். என்னிடம் இல்லை.