புஸ்பராணி கடை மீன்கறி

யுத்த காலத்தில் திருகோணமலைக்கு வந்த எவரும் கடலைப் பார்க்காமல் திரும்ப முடியாது. மீனைப் பார்ப்பதுதான் கஷ்டம். வள்ளம் இறக்குவதற்கு நேவியின் பாஸ் வேண்டும். பொழுது பட்டால் தொழில் இல்லை. அகப்பட்ட கொஞ்சமும் கரையிலேயே பெரிய வீட்டுக் குசினிகளுக்குப் போய்விடும். அதனால் ஓர்ஸ் ஹில் அடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த புஸ்பராணி, கடலுக்கு முன்னால் நின்றுகொண்டு டின் மீனை உடைத்துக் கறி வைத்தாள்.

அதற்காக அவள் வெட்கப்படவில்லை. வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, புளியைக் கரைத்து விட்டு, தேங்காய் முதற்பாலும் முருங்கையிலையும் சேர்த்து இறக்கினாளென்றால், ஊர்ச்சனமே டின்னை மறந்துதான் சாப்பிடும்.

ஒரு நாள் மத்தியானம் ஹென்றிக் என்ற வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தார். ஏதோ நிவாரண நிறுவனத்தின் அதிகாரி. புஸ்பராணியின் கணவன் இராசதுரைக்குத் துறைமுகத்தில் வேலை செய்த காலத்து ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. இந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஹென்றிக் கேட்டார். கோணேசர் கோயிலுக்குப் போகலாம், கோட்டை வாசலில் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம், அன்றைக்கு ரோட்டு திறந்திருந்தால். கடலைச் சும்மாவே பார்க்கலாம், கனநேரம் பார்த்தால் மட்டும் ஏன் பார்க்கிறாய் என்று கேட்பார்கள் என இராசதுரை மரியாதையாக விளக்கினான்.

ஹென்றிக் தலையாட்டியபடி கறியை வாயில் வைத்தார். வைத்ததும் நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் புஸ்பராணி.

"இந்தக் கடல் மீனோ எண்டு கேக்கிறார்."

"எல்லாக் கடலும் ஒண்டுதானே. ஓம் எண்டு சொல்லுங்கோ."

அந்த 'ஓம்' ஊரெல்லாம் பரவியது. நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் மத்தியானத்தில் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. வெறும் டின்களைச் சாக்கில் கட்டி, கிணற்றடி வாழைகளுக்கு நடுவே புதைப்பது இராசதுரையின் வேலையாகிவிட்டது.

பிறகு சமாதானம் என்றார்கள். கடல் திறந்தது. கிண்ணியா மீன்காரன் அஸீம் விடியவே வந்து, துடிப்பு அடங்காத பாறை மீனைக் கடையில் போட்டான். புஸ்பராணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாக வெட்டி, ஆசையாகக் கறி வைத்தாள். அன்றைக்கென்று ஹென்றிக் தன் மேலதிகாரியையும் கூட்டி வந்திருந்தார். இருவரும் பாதியிலேயே கை கழுவினார்கள்.

"பழைய கடல்மணம் இல்லையாம்," என்றான் இராசதுரை, தலையைச் சொறிந்துகொண்டு.

"விடியப் பிடிச்ச மீன் மணக்குமோ? மணந்தா அது நேற்றையான் மீன்!"

அடுத்தடுத்த நாட்களில் வெள்ளை வாகனங்கள் கடையைத் தாண்டிப் போயின. புஸ்பராணி பொறுத்துப் பார்த்தாள். ஒரு காலை, யாரையோ குத்துவதுபோல டின்னைக் குத்தித் திறந்தாள். வாகனங்கள் திரும்பி வந்தன.

"அப்ப என்ட பாறை என்னத்துக்கு அக்கா?" என்று அஸீம் கேட்டான்.

"பின்பக்கத்தில மூட்டை தூக்கிற சனம் இருந்து சாப்பிடுது, அதுகளுக்கு. நீயும் இருந்து சாப்பிடு. முன் மேசைக்கு டின்தான்."

இப்படியே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஹென்றிக்குக்குத் திடீரென்று மீன்பிடிக்கும் ஆசை வந்தது. அஸீம் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனான். ஹென்றிக் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஒரு பாறை மீனைத் தூண்டிலில் இழுத்தார். அதைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு கடைக்கு வந்து, சமைத்துத் தரச் சொன்னார்.

புஸ்பராணி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். இரத்தச் சிவப்பு.

"இதைக் குடுத்தா மனுசன் பாதியில எழும்பிப் போயிடுவார்," என்றாள்.

"அவர் பிடிச்ச மீனப்பா!" இராசதுரை பதறினான்.

"அதுக்குத்தான் சொல்லுறன். பாவம், எவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சது."

முன் மேசைக்கு வழக்கமான கறி போனது. ஹென்றிக் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் பேசினார்.

"தன்ட கையால பிடிச்ச மீனின்ட ருசியே வேறயாம்," என்றான் இராசதுரை, சுவரைப் பார்த்தபடி.

"தெரியுது எண்டு சொல்லுங்கோ."

குசினியில் அஸீம் அந்தப் பாறை மீனின் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தான். சிரிப்பில் முள் தொண்டையில் சிக்காமலிருக்க, சோற்றை உருட்டி விழுங்கினான்.

"வெள்ளைத் துரைக்கு நல்ல கைராசி அக்கா," என்றான். "வாற கிழமையும் கூட்டிக்கொண்டு போறன்."