பனிக்குள் சொன்ன "வாறன்"

பிள்ளைகளே, ஒரு சொல்லால் என் மகளைப் பனிக்குள் தொலைக்கப் பார்த்த கதை இது.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்து ஸ்கொட்லாந்து மலைக்குப் பனியில் சறுக்கப் போயிருந்தோம். திடீரென்று பனி கொட்டியது. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. பதினொரு வயது மகள் சரிவில் நின்று சப்பாத்தை இறுக்கினாள். கீழே உள்ள தேநீர்க்கடையில் சந்திக்கலாம் என்று எனக்குள்ளேயே நினைத்துக்கொண்டு, "பிள்ளை, நான் வாறன்" என்றேன்.

"ஓம் அப்பா" என்றாள். நான் சறுக்கிப் போனேன்.

கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். அவள் வரவில்லை. கூப்பிட்டால் என் குரல் எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியவில்லை. மேலே ஏறுவதா? நான் ஏற, அவள் வேறு வழியால் இறங்கிவிட்டால்? ஏறினேன், இறங்கினேன். ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் மலைக்காவல் பெண் ஒருத்தி அவளைக் கூட்டிவந்தாள். மகளின் உதடு நீலமாகியிருந்தது.

"ஏன் பிள்ளை அங்கேயே நிண்டனீ?"

"நீங்கள்தானே வாறன் எண்டனீங்கள். வருவீங்களெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

புறப்படும்போது "போறன்" என்று நாங்கள் சொல்வதில்லை, "வாறன்" என்போம். வீட்டு வாசலில் என்றால் அவளுக்கும் விளங்கியிருக்கும். மலையில் வாசல் ஏது? சொல் பிழையா, நான் பிழையா என்று இன்றும் குழப்பம்தான். ஆனால் திரும்பிப் பார்க்காமல் போனவன் நான்.

இப்போதும் வேலைக்குப் புறப்படும்போது, "வாறன்" என்றுதான் வாயில் வருகிறது.

"போறீங்களோ, வாறீங்களோ அப்பா?" என்று கேட்கிறாள்.

"வேலைக்குப் போறன் பிள்ளை. ஆறு மணிக்கு வாறன்."