ஸ்பிரிங் சத்தமும் கீழ்வீட்டுப் புகாரும்

எங்கள் வீட்டு ஆண்கள் எதையும் தங்கள் வாயால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு பழைய ஏர் ரைஃபிளின் ஸ்பிரிங்குக்காக இவள் ஏன் இந்தக் கொதி கொதிக்கிறாள் என்று தோன்றும்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்களுடையது மாடி வீடு. கீழே என் கணவரின் தம்பி குடும்பம், மேலே நாங்கள். மாமியார் போன பிறகு பாகம் பிரிக்கும்போது அண்ணனும் தம்பியும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி சமாதானம் பேசினார். அன்றைக்கு ஒரு ஏற்பாடு ஆனது. கீழ்வீட்டுக்கு ஒரு குறை என்றால் தம்பி அண்ணனிடம் சொல்லவேண்டும், மேல்வீட்டுக்கு என்றால் அண்ணன் தம்பியிடம் சொல்லவேண்டும். பெண்கள் அதைப் பேசக்கூடாது, பேசினால் சண்டை வருமாம். கத்தினது இரண்டு ஆம்பளைகள், வாய்ப்பூட்டு எங்கள் இரண்டு பேருக்கு. நல்ல நியாயம்! ஆனாலும் நானும் என் ஓரகத்தியும் அதை மீறியதில்லை. குழம்பு கொடுப்போம், கறிவேப்பிலை வாங்குவோம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஒரே ஆட்டோவில் போவோம். குறை மட்டும் பேசமாட்டோம்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். நான் ஓய்வு பெற்ற சமயத்தில் பள்ளியில் ரைஃபிள் கிளப்பை மூடினார்கள். பெற்றோர்களுக்குக் கோடிங் வகுப்பு வேண்டுமாம். மூலையில் கிடந்த ஏர் ரைஃபிளை, "மிஸ், உங்களைத் தவிர இதை யாரும் தொடப்போறதில்ல, நீங்களே கொண்டுபோங்க" என்று பிரின்சிபல் என் கையில் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் தேவைப்படாத சின்ன ரகம்தான். குழலை மடக்கினால் உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்கி நிற்கும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று ஈயக் குண்டைத் தள்ளும். காக்கா குருவி எதையும் நான் சுட்டதில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்துச் சுவரில் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதன்மேல் ஒட்டிய காகித வட்டம், அவ்வளவுதான் என் எதிரி.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே போவேன். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, கறுப்பு வட்டத்தைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் கேஸ் புக் பண்ணவேண்டும், அவருக்கு பி.பி. மாத்திரை வாங்கவேண்டும், மகளுக்கு போன் பண்ணவேண்டும் என்று எதுவும் தலையில் ஓடாது. இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு மணி நேரமும் அந்த மாடியும்தான். சந்தோஷமாக இருந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்.

"கீழ சொல்றாங்க."

இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவருடைய அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் "அம்மாவுக்குப் பிடிக்கல" என்பார். அம்மா போன பிறகு "கீழ சொல்றாங்க" என்று ஆகிவிட்டது.

"என்ன சொல்றாங்க?"

"அந்த சத்தம். டொய்ங் டொய்ங்னு தலைக்கு மேல கேட்டுட்டே இருக்காம். மாடி பொதுதானே, அவங்களுக்கும் பாத்தியதை இருக்கு. சத்தம் நிக்கலன்னா மாடிச் சாவியைக் கேப்பாங்க போல. நான்தான் கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லி வச்சிருக்கேன்."

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். சத்தம் இருந்தது உண்மை. குண்டு போகிற சத்தம் பெரிதில்லை, கைதட்டுகிற அளவுதான். அதற்குப் பின்னால் ஸ்பிரிங் அதிரும் பாருங்கள், டொய்ங்ங்ங் என்று, அது பழைய இரும்புக் கட்டிலில் யாரோ குதித்த மாதிரி இருக்கும். சரி, சத்தம்தானே பிரச்சனை, அதை நிறுத்திக் காட்டுகிறேன் என்று ரோஷம் வந்துவிட்டது. சாவி போனால் மாடி போச்சு, மாடி போனால் ரைஃபிள் பரணுக்குப் போகும். விடுவேனா?

கீழே இருக்கிறவள் மேல் வந்த கோபத்தைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் கையால் எத்தனை மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறாள்! என் ஒரு மணி நேரம் அவளுக்கு உறுத்துகிறதா? குழம்பு கொடுப்பதை நிறுத்தினேன். படியில் பார்த்தால் சிரிப்பதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டோவோடு வாசலில் நிற்கும்போது, "நீங்க போங்க, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். அவள் முகம் சின்னதாகப் போனதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்தேன். அப்படிப்பட்டவளாக்கிவிட்டது அந்தப் புகார் என்னை.

ரைஃபிளைப் பிரிப்பது லேசான காரியமில்லை. ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கும். சும்மா கழற்றினால் முகத்தில் பாயும். தச்சர்கள் பலகையைக் கவ்விப் பிடிக்கும் நீளமான கிளாம்ப்பை வைத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தேன். வெளியே வந்ததும் சங்கதி புரிந்தது. ஸ்பிரிங்குக்கு நடுவில் அதைத் தாங்க ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, கைடு என்பார்கள். அது ஸ்பிரிங்கின் உள்விட்டத்தைவிட ஒல்லி. மெலிந்த கையில் போட்ட பெரிய வளையல் மாதிரி ஸ்பிரிங் அதன்மேல் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிறது சத்தம் போடாதா?

எங்கள் வீட்டில் சத்தம் என்றால் ஒரே வைத்தியம்தான், எண்ணெய் விடு. கதவு கிறீச்சிட்டாலும், ஃபேன் முனகினாலும், கிரைண்டர் உறுமினாலும் எண்ணெய். ஆகவே ஸ்கூட்டருக்குப் போடும் கிரீஸை எடுத்து ஸ்பிரிங்கில் அப்பினேன். அதோடு விட்டேனா? பிஸ்டனுக்கு முன்னால் காற்று அமுங்கும் இடம் இருக்கிறதே, அதற்குள்ளும் விரலை விட்டுத் தாராளமாகப் பூசினேன். எதற்குக் குறை வைக்கவேண்டும் என்று பெரிய மனசு எனக்கு.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்குப் போய் விசையை இழுத்தேன். டமார்! தீபாவளி ஆட்டம்பாம் தோற்றது. குழல் வாயில் நீலப் புகை, கிரீஸ் கருகின நாற்றம். டேங்க் மேல் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. அமுங்கின காற்றின் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் பற்றி வெடித்திருக்கிறது. அங்கே கிரீஸ் பூசவே கூடாதாம், அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் காது கொய்ங் என்று அடைத்துவிட்டது.

அவர் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார். நான் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, நியாயம்தான். அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அன்றைக்கு அதற்குப் பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும், திருப்தி.

மறுநாள் தோசைத் தட்டில் அடுத்த செய்தி வந்தது. "நேத்து வெடிச்ச வெடியில கீழ ரொம்பக் கோவம். அவ நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாளாம். இதெல்லாம் தேவையா நமக்கு? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

"பண்ணிக்கறேன். ஸ்பிரிங்கை அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்றேன்.

இந்தத் தடவை மரியாதையாக முறைப்படி இறங்கினேன். பூசின கிரீஸையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். அடுகோடி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், ஸ்பிரிங்கையும் பழைய கைடையும் மேஜைமேல் வைத்தேன். ஏர் ரைஃபிள் ஸ்பிரிங் இது, இதற்குள் இறுக்கமாக உட்காரும்படி நைலானில் ஒரு கைடு கடைந்து தரவேண்டும் என்றேன். கடைசல்காரர் என்னையும் ஸ்பிரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் மேடம், குரங்கு தொல்லையா?"

"ஆமாம். வீட்டுக்குள்ள."

அவர் சிரித்துச் சிரித்து டீ சொன்னார். ஆனால் முதலில் கடைந்து தந்தது உள்ளேயே போகவில்லை. இரண்டாவது லொடலொட. "ஸ்வல்ப முன்ன பின்ன ஆகும் மேடம், நைலான் சூட்டுல ஊதிக்குது" என்று கன்னடம் கலந்து சொல்லி நைலான்மேல் பழியைப் போட்டார். மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புத்தாளால் நானே தேய்த்துத் தேய்த்து, ஸ்பிரிங்கைத் திருகித்தான் ஏற்றமுடியும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்த்தேன். தார் மாதிரி ஒட்டும் கெட்டி கிரீஸ் ஒன்று தனியாக விற்கிறது. அதை ஸ்பிரிங் சுருள்களில் மட்டும், மெல்லிசாக, பொட்டு வைக்கிற மாதிரி தடவினேன். என் கையில் ரேகைக்குள் ஏறின கறுப்பு, பாத்திரம் தேய்த்தாலும் போகவில்லை. சர்ச்சில் திருவிருந்து வாங்கக் கையை நீட்டும்போது கூச்சமாக இருந்தது.

பூட்டி, மாடிக்குப் போய், சுட்டேன்.

டப்.

அவ்வளவுதான். தலையணையில் தட்டின மாதிரி ஒரு டப். டொய்ங் இல்லை, அதிர்வு இல்லை. கன்னத்தில் வைத்த கட்டை அசையக்கூட இல்லை. இன்னொன்று சுட்டேன். டப். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே போய் அவரிடம், "ஏங்க, இப்ப போய்ச் சொல்லுங்க உங்க தம்பிக்கு, சத்தம் செத்துப்போச்சுன்னு" என்றேன். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "ம்ம், பாக்கலாம்" என்றார். ஒரு சபாஷ் சொன்னால் குறைந்துபோவாரா மனுஷன்?

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் மாடியில் துணி எடுக்கும்போது ஓரகத்தி படியேறி வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"அக்கா, எம்மேல ஏதாவது கோவமா?"

நான் துணியை உதறினேன்.

"நீங்க பேசறதே இல்ல. இப்ப சுடறதும் இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"யார் சொன்னா சுடறதில்லன்னு? தினம் சுடறேன். சத்தம் வராம பண்ணிட்டேன். நீதானே கேட்ட?"

"நான் எப்ப கேட்டேன்?"

"தலைக்கு மேல டொய்ங் டொய்ங்னு இருக்குன்னு சொல்லலை? மாடிச் சாவி கேக்கலை?"

அவள் வாயைப் பிளந்தாள். "ஐயோ இயேசுவே! யாரு அக்கா சொன்னது? அந்த சத்தம் வந்தா ஆறு மணி ஆச்சுன்னு எழுந்து நான் குக்கர் வைப்பேன். இவர்கூட, 'அண்ணி ஆரம்பிச்சுட்டாங்க, காபி போடு'ம்பாரு. இப்ப சத்தம் இல்லாம ஒரு நாள் சீரியல்லயே உக்காந்து சோத்துக்கு லேட்டாயிடுச்சு."

"அன்னிக்கு வெடிச்சப்ப நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தியாமே?"

"என்ன வெடி?"

அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அன்னிக்கு நாங்க ஊர்லயே இல்லையே அக்கா. கே.ஜி.எஃப்.ல கல்யாணம். உங்களைக் கூப்பிடலாம்னு வந்தேன், நீங்க கதவைத் திறக்கல" என்றாள்.

துணி மொத்தமும் என் கையிலிருந்து கீழே விழுந்தது. அவளே எல்லாவற்றையும் பொறுக்கி மடித்துக் கொடுத்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீழே வந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். மறுக்கவில்லை. பேப்பரை நிதானமாக மடித்தார்.

"சர்ச் கமிட்டியில கேக்கறாங்க. 'பிரதர், உங்க வீட்டம்மா துப்பாக்கி சுடறாங்களாமே, ஜாக்கிரதையா இருங்க'ன்னு சிரிக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சண்டை வரும்."

"நீங்க சொன்னா சண்டை. அவ தலையில போட்டா சமாதானமா? இத்தனை நாள் என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க!"

"நான் யாரையும் குத்தம் சொல்லல. வீட்டு நிம்மதிக்காகச் சொன்னேன்."

யாருடைய நிம்மதி? கத்தவேண்டும் போல இருந்தது, பள்ளிக்கூட மைதானத்தில் கத்தின தொண்டை இது. ஆனால் அந்த நேரம் பார்த்து வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மைசூரில் பயிற்சியாளர் வேலை எனக்குக் கிடைத்தது. பெண்கள் டீமுக்கு. "அம்மாவுக்குப் பிடிக்கல" என்றார். நான் போகவில்லை. அதற்காக அந்த அம்மாவை நான் மன்னிக்கவே இல்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டினேன், துடைத்தேன், எல்லாம் செய்தேன். ஒரு வார்த்தை அன்பாகப் பேசவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடிக்க வந்தபோதுகூட கிண்ணத்தை எடுப்பது போல நகர்ந்துகொண்டேன்.

"மைசூர் வேலை வேண்டாம்னு உங்க அம்மாதான் சொன்னாங்களா?"

அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்த அம்மாவையா எழுப்பிக் கேட்கமுடியும்?

அன்றைக்கே கிளாம்ப்பை எடுத்தேன். அத்தனை பாடுபட்டுத் தேய்த்த நைலான் கைடை உருவி எடுத்தேன். கெட்டி கிரீஸை வழித்துத் துடைத்தேன். பழைய ஒல்லிக் குழாயைத் திரும்ப மாட்டினேன். மறுநாள் ஆறு மணிக்கு மேலே போய்ச் சுட்டேன். டொய்ங்ங்ங். கொஞ்ச நேரத்தில் கீழே குக்கர் விசில் அடித்தது.

இப்படியே சில நாட்கள் போயின. ஒரு சாயங்காலம் முட்டி வலியோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவர் மாடிக்கு வந்தார். டேங்க் ஓரமாக நின்றார். நான் குழலை மடக்கினேன்.

"அந்த சத்தம்..." என்று ஆரம்பித்து, கீழே ஒரு பார்வை பார்த்தார். கீழ்வீட்டை இனிச் சொல்லமுடியாது. அம்மாவையும் சொல்லமுடியாது. "எனக்குப் பிடிக்கல. நீ சுடறதே எனக்குப் பிடிக்கல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தன் வாயால் சொன்ன முதல் 'பிடிக்கல' அது. இதைக் கேட்கத்தானா நான் ஒரு கிழவியிடம் பேசாமல் அவளைச் சாகவிட்டேன்?

"சரிங்க, கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த குண்டைப் போட்டேன்.