நூர்ஜாத் சொல்லாத பெயர்

பிஷ்கெக்கில் பதினாறு வருஷமாக டவர் கிரேன் ஓட்டுகிறவள் நூர்ஜாத் அக்கா. மேலே உட்கார்ந்துகொண்டு இன்ஜினியரையே வாக்கி-டாக்கியில் வறுத்தெடுப்பாள். அப்பேர்ப்பட்ட வாய்க்காரிக்கும் ஒரு பெயர் மட்டும் வாயில் வராது: தெமிர்குல், அவள் கணவனின் அண்ணன். புகுந்த வீட்டு மூத்த ஆண்களை எங்கள் கிர்கிஸ் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவரை அவள் ‘பெரியவர்’ என்பாள். அவரும் அதே சைட்டில் கான்கிரீட் போடுகிறவர்தான்.

கிரேனில் பிரேக் வழுக்குகிறது என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். “இந்த ஸ்லாப் முடியட்டும்” என்றார் இன்ஜினியர். நாசமாய்ப் போக அந்த ஸ்லாப்!

கையில் வாக்கி-டாக்கியோடு கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டும் வேலை எனக்கு. சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று கலவைத் தொட்டி தலைக்கு மேலே வந்து நின்றது. நின்றது சட்டென்று ஒரு முழம் இறங்கியது.

“அசான், பிரேக் பிடிக்கலடா! பெரியவரை விலகச் சொல்லு!”

“எந்தப் பெரியவர்க்கா? இங்க நரைச்ச தலையே மூணு இருக்கு!”

“எங்க வீட்டுப் பெரியவர்டா!”

“உங்க வீட்டை நான் எங்கக்கா கண்டேன்? பேரைச் சொல்லித் தொலைங்க!”

கிரேன் ஹாரன் மட்டும் அலறியது. தொட்டியைத் தூக்குவதும் அது நழுவுவதுமாக அவள் லீவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “ஓடுங்க!” என்று கத்தினேன். பார்த்தவர்கள் ஓடினார்கள். தூண் கம்பிகளுக்குப் பின்னால் கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டர் இரைச்சல் மட்டும் ஓயவில்லை.

“தெமிர்குல்!” வாக்கி-டாக்கியே கிழிகிற மாதிரி கத்தினாள். “கம்பிக்குப் பின்னால, தெமிர்குலை இழுடா!”

பாய்ந்துபோய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ஆள் வந்துவிட்டார். இடது கால் வரவில்லை. தொட்டி அதன்மேல் உட்கார்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நானும் அவளும் போனோம். அவள் வாசற்படியிலேயே தலை குனிந்து நின்றாள்.

“என் பேரைச் சொன்னியாமே?” என்றார்.

“மன்னிச்சிடுங்க பெரியவரே. வேற வழி தெரியல.”

“சொன்னதுக்கு யாரும்மா கோவிச்சா? சொல்றதுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?”

அக்கா கதவைப் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.