மியூசியத்துத் தரையில் ஒரு வலை

பவித்ரா, கோகுல்... உங்கள் நைனா எழுதும் இந்த வாரப் பத்தி உங்கள் இருவருக்கும்தான். வழக்கமாகப் படிக்கிற மற்றவர்கள் கூடவே உட்கார்ந்து கேட்கலாம்.

நமக்கு இறால் சீசன், நண்டு சீசன் இருக்கிற மாதிரி சென்னைக்கும் சீசன் உண்டு. மார்கழியில் கச்சேரி. தை பிறந்தால் கலைவிழா. மே மாதம் ஸ்கூல் லீவு விட்டால் மியூசியங்களில் கோடைக் கண்காட்சி. இந்த முறை ஒரு மியூசியத்தில் என்ன தலைப்பு தெரியுமா? கடலோர வாழ்க்கை! நம் பொழப்பைத்தான் லைட் போட்டு வைத்திருந்தார்கள். கூடவே பின்பக்க மேடையில் கலைநிகழ்ச்சி. அதில் நம் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்பிள்ளைகளின் கோலாட்டத்துக்கும் ஓர் இடம்.

பவித்ரா, நீ இரண்டு மாதமாக வீட்டுச் சுவரைக்கூட விடாமல் கோலால் தட்டிப் பழகினாய். அம்மாவின் சொம்பு நசுங்கியது. அதை விடு.

மீஞ்சூரில் ரயில் லேட். நாம் போய்ச் சேரும்போது உங்களுக்கு முந்தின கோஷ்டி மேடையில் ஆடிக்கொண்டிருந்தது. மேடைக்குப் போகிற வெளிவழி பூட்டியிருந்தது. கண்காட்சி ஹாலுக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஓடினோம். ஹால் நடுவில் அத்தனை பிள்ளைகளும் ரயில்வே கேட் போட்ட மாதிரி நின்றுவிட்டீர்கள்.

தரையில் வலை.

சுவருக்குச் சுவர் விரித்து, அலை மாதிரி மடித்து, மேலே பிளாஸ்டிக் நண்டெல்லாம் வைத்திருந்தார்கள். ஜனங்கள் ஷூ காலோடு அதன்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

நம் கரையில் விரித்த வலையை யாராவது மிதிப்போமா? தாண்டுவோமா? எவ்வளவு அவசரமானாலும் சுற்றித்தானே போவோம். இங்கே சுற்றிப் போக ஒரு சாண்கூட இல்லை.

கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு பொண்ணு ஓடி வந்தது. கண்காட்சியைப் பார்த்துக்கொள்கிற பொண்ணு. அதன்மேல் நடக்கலாம், நடப்பதற்காகத்தான் போட்டிருக்கிறோம், அது டிசைன் என்று நல்லவிதமாகத்தான் சொன்னது.

உங்கள் அம்மா அசையவில்லை. "டிசைனா இருந்தா இன்னாம்மா? வலைன்னா வலைதான். புள்ளைங்க எப்டி மிதிக்கும்?"

அப்போதுதான் மைக்கில் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். உடனே வராவிட்டால் அடுத்த கோஷ்டியை ஏற்றிவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

ஒன்று சொல்லட்டுமா? 'இது மீன் படாத வலைதானே, நடங்க' என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு மாத உழைப்பு வாசலோடு போய்விடுமே! ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால், மிதித்த காலோடு எப்படி ஆடியிருப்பீர்கள்?

பவித்ரா, நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "நைனா, தூக்கிப் புடி. கம்புல காயப்போட்ட வலைக்கு அடியில தெனம் போறோம்ல?"

அட... ஆமாம்!

அந்தப் பொண்ணைக் கேட்டேன். காட்சிப் பொருளைத் தொட மேலதிகாரி சம்மதிக்க வேண்டுமாம். அவர் அன்றைக்கு லீவு. அந்தப் பொண்ணு உன் முகத்தை ஒரு தரம் பார்த்தது. பிளாஸ்டிக் நண்டுகளைப் பொறுக்கி ஓரம் வைத்தது. "சரி சார், நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்" என்று தானே குனிந்தது.

அது ஒரு முனை, நான் ஒரு முனை, நடுவில் அம்மாவும் கோகுலும். தலைக்கு மேல் தூக்கினோம். நீங்கள் குனிந்து, சலங்கை சத்தத்தோடு அந்தப் பக்கம் போனீர்கள். அங்கே நின்ற ஜனம் இதுவும் நிகழ்ச்சிதான் என்று கை தட்டியது. ஒருவர் என்னிடம் அடுத்த ஷோ எப்போது என்று கேட்டார்.

"குப்பத்துக்கு வாங்க. தெனம் ஷோதான்" என்றாள் அம்மா.

நீங்கள் ஆடினீர்கள். எப்படி ஆடினீர்கள் என்று ஊருக்கே வீடியோ போயாச்சு, நான் வேறு சொல்ல வேண்டுமா?

கண்காட்சி என்றால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருகிற இடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கேயும் நம் வழக்கத்தைச் சொல்லி வழி கேட்கலாம் பிள்ளைகளா. சண்டை வேண்டாம், கூச்சமும் வேண்டாம். நின்று கேட்டால், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வரும்.

இதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் வெளியே கேட் பக்கம் சாப்பிடப் போனதும், நான் மட்டும் ஹாலுக்குத் திரும்பினேன். மதிய நேரம், ஆளில்லை. வலை ஓரமாகக் குவிந்து கிடந்தது. நமக்கு உதவின பொண்ணுக்கு மேலதிகாரியிடம் திட்டு விழக்கூடாதே! முன்பு இருந்தபடியே அலை அலையாக மடித்து விரித்தேன். நண்டுகளையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்தேன். திருப்தியாக நிமிர்ந்து பார்த்தால்... வாசல் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் வலை.

முனையைத் தூக்கி, அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையோடு, அடியில் தவழ்ந்தே வெளியே வந்தேன்.