மூக்குத்தி மேல் போட்ட பழி

எனக்கு வலது மூக்கு மட்டும் ஆறு மாதமாக அடைத்திருந்தது. சில நாள் காலையில் ரத்தமும் கசியும். நாத்தனார் கல்யாணத்துக்குப் போட்ட புது மூக்குத்திதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். தேரடி வீதி நகை ஆசாரியிடம் அதன் திருகாணியை இரண்டு முறை மாற்றினேன். பிறகு கழற்றியே வைத்தேன். அப்படியும் அடைப்பு விடவில்லை. கம்பியைச் சன்னமாக்கித் தரும்படி மறுபடியும் போய் நின்றேன்.

ஆசாரி சொன்னார்: "கழட்டி ஒரு மாசம் ஆவுது, இன்னும் அடைப்புன்றீங்க. நான் மூக்குத்திக்குத்தாம்மா வைத்தியம் பார்ப்பேன், மூக்குக்கு இல்ல. டாக்டர்கிட்ட போங்க."

வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கை ஒட்டிய சைனஸ் என்ற எலும்பறைக்குள் சதை வளர்ந்திருந்தது. அதில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயோ என்ற பயத்தோடு முடிவுக்குக் காத்திருந்தேன்.

"அபூர்வமான கட்டிதான். ஆனா புத்துநோய் இல்லம்மா, கண்ணு பக்கமும் போகல" என்றார் டாக்டர். மூக்கு வழியாகவே குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள்.

இப்போது யார் மூக்கடைப்பு என்றாலும், "ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?" என்று கேட்பேன். ஒரு பக்கம் என்றால் டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கட்டி மறுபடி வளரக்கூடியது என்பதால் வருஷம் தவறாமல் நானும் காட்டிக்கொள்கிறேன்.

பழி சுமந்த மூக்குத்தியை அதே ஆசாரி கையால்தான் திரும்பப் போட்டுக்கொண்டேன்.