அடித்து எழுதிய 998

“வியாழன், காலை 9.30. மழை. வடகிழக்குக் காற்று. 1008.” இப்படி எழுதி, அந்த 1008ஐ ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 998 என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: “9.52. சென்னை விமானம் மிகத் தாழ வந்து, இறங்காமல் மேலே ஏறிவிட்டது.” என் குறிப்பேடுகளில் நான் அதிகம் புரட்டிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

பழைய சரக்குத் தோணி ஒன்றைப் பிரித்தபோது வாங்கிய பாரோமீட்டர் எங்கள் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. தினமும் காலையில் அதைப் பார்த்துக் காற்றழுத்தத்தை மில்லிபாரில் எழுதி வைப்பேன். இந்தக் கரையில் முள் அதிகம் அலையாது. பெரும்பாலும் ஆயிரத்தெட்டை ஒட்டியே நிற்கும். என் மனைவியின் அண்ணன் விமானக் கேப்டன். அவர் வரும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பார். “இன்னைக்கும் ஆயிரத்தெட்டுதானா மாப்ள? முள்ள ஆணி வச்சு அடிச்சிட்டீரா?”

அவருடைய விமானத்தின் உயரமானியும் என் பாரோமீட்டருக்கு உறவுதான். காற்றின் அழுத்தத்தைத்தான் அது உயரமாக மாற்றிக் காட்டுகிறது. இறங்கும் ஊரின் அன்றைய அழுத்தத்தை விமான நிலையம் வானொலியில் சொல்லும். விமானிகள் அந்த எண்ணைத் திருகி வைக்க வேண்டும். பத்து எண் கூட்டி வைத்துவிட்டால் விமானம் ஏறக்குறைய முந்நூறு அடி தாழப் பறக்கும். கருவி மட்டும் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும்.

அவர் கவனத்துக்குப் பெயர்போனவர். திரேஸ்புரத்தில் மீன் வாங்க என்னை அனுப்பினாலும், “ஒரு கிலோ சீலா, தலையோட. எங்க, திருப்பிச் சொல்லும் பாப்போம்” என்பார். அவர் வீட்டில் சமையல் முடிந்தபின் கேஸ் குமிழை இரண்டாவது ஆளாகப் போய்ப் பார்ப்பவரும் அவர்தான்.

அந்த வியாழக்கிழமை கடலில் தாழ்வுநிலை. என் மனைவி சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். ஓட்டி வந்தவர் அவளுடைய அண்ணன். நான் மொட்டை மாடியில் குடையோடு நின்றேன். உப்பளங்களுக்கு மேலே மேகம் விலகியபோது, வருடக்கணக்காக நான் பார்த்துப் பழகிய உயரத்தில் விமானம் இல்லை. அதற்கு வெகு கீழே இருந்தது. உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தவர்கள் குனிந்து உட்கார்ந்துவிட்டார்கள். திடீரென்று இரைச்சல் கூடியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்து ஒழுங்காக இறங்கியது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வீடு வந்த மனைவி, “கீழ நின்னவங்க சட்டைக் கலரு தெரிஞ்சுச்சு” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் மச்சான் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாத யாரையும் விடாத மனிதர், ஷூவோடு முன்னறைக்குள் நின்றார். டீயைத் தொடவில்லை.

“கட்டுப்பாட்டுக் கோபுரத்துல தொள்ளாயிரத்து தொண்ணூத்தெட்டுன்னாங்க. பக்கத்து சீட்டு பைலட்டு சரியாத் திருப்பிச் சொன்னாரு. என் கை தெனமும் போற ஆயிரத்தெட்டுக்கே போயி நின்னுட்டு. அவரு என் எண்ணப் பாத்து அவரு பக்கத்துக் கருவியிலயும் அதயே வச்சிட்டாரு.” சுவரில் இருந்த பாரோமீட்டரை நிமிர்ந்து பார்த்தார். “தரை நெருங்குதுன்னு எச்சரிக்கைச் சத்தம் கேக்கலன்னா, ஒம்ம பொண்டாட்டியும் இல்ல, நானும் இல்ல.”

அவர் அறிக்கை எழுத வேண்டும். மழையில் ஓடுபாதை தெரியவில்லை என்று எழுதினால் அவர் வேலைக்குச் சேதம் இல்லை. “ஒம்ம நோட்ட எடும்” என்றார். “ஒம்பதரைக்கு ஆயிரத்தெட்டுன்னு இருந்தா, அழுத்தம் சட்டுனு எறங்கிட்டுன்னு எழுதிரலாம்.”

பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அடித்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“எப்ப அடிச்சீரு?”

“எழுதுன ஒடனே, மச்சான்.”

“ஒம்ம கை ஒடனே திரும்பிட்டு. என் கை திரும்பல” என்றார். என் மேசையிலேயே உட்கார்ந்து, தவறு தன்னுடையது என்று எழுதினார். சில மாதங்கள் அவரைப் பறக்க விடவில்லை. மறுபயிற்சி முடித்த பிறகே விமானி இருக்கை திரும்பக் கிடைத்தது.

இப்போது ஓய்வு பெற்று நாசரேத்தில் இருக்கிறார். காலையில் போன் செய்து, “எண் என்ன மாப்ள?” என்பார். சொல்வேன், இப்போதெல்லாம் அவர்தான் திருப்பிச் சொல்கிறார். அதன் பிறகே எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பக்கம் என்னை விடுவதில்லை. 1008, அடித்த கோடு, 998, கீழே உள்ள வரி எல்லாம் ஒரே பேனா, ஒரே மை. எழுதிய உடனே அடித்தேன் என்று அன்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் அவர் எழுதினார். விமானம் தாழ வந்ததைப் பார்த்துவிட்டுக் கீழே ஓடி வந்து, முள்ளை மறுபடி பார்த்த பிறகுதான் அடித்தேனோ என்னவோ. உறுதி செய்ய என்னிடம் எந்தச் சான்றும் இல்லை.